மார்ச் பதினொன்று, வெயில்

பிப்ரவரி 3. மழை.

தன்யாவின் வகுப்பில் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். தினமும் வானத்தைப் பார்த்து மழையா, வெயிலா, மேகமா, பனியா என்று ஒரு அட்டவணையில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மார்ச் கடைசி வரைக்கும். அட்டவணை ஃப்ரிட்ஜ் கதவில் ஏறிவிட்டது. இந்த ஊருக்கு மழை ஸ்டிக்கர் மட்டும் ரெண்டு மடங்கு கொடுத்திருக்கணும் என்றார் என் வீட்டுக்காரர் நவநீதன். அம்மாவும் எழுதினால்தான் நான் ஒட்டுவேன் என்று தன்யா அடம் பிடித்ததால் இந்த நோட்டு. ஏழு வயதில் இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

மே இரண்டாம் தேதியோடு நாங்கள் இங்கே வந்து ஐந்து வருடம். ஐந்து முடிந்தால் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கேட்கலாம். அதுவரை என் விசா கம்பெனி கையில். நவநீதன் விசாவும் தன்யா விசாவும் என்னுடையதில் தொங்குகின்றன. கம்பெனி என்னை விட்டுவிட்டால், வேறு கம்பெனி தேட அறுபது நாள். கிடைக்காவிட்டால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டும்.

இன்னும் மூன்று மாதம். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம்.

பிப்ரவரி 6. மழை, காற்று.

ராசிபுரத்தில் அம்மா எல்லோரிடமும் நான் குதிரைக்கு வைத்தியம் பார்ப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாள். அதுவும் பந்தயக் குதிரை. இன்றைக்குப் போனில் யாரோ ஒரு அத்தைக்கு என்னையே சாட்சி சொல்ல வைத்தாள். ஆமாங்க அத்தை, குதிரைதான் என்றேன்.

நான் பார்ப்பது ஆடு. வெட்டுக்கூடத்துப் பட்டியில் நின்று, உள்ளே போகும் ஆடுகள் நோயில்லாமல், சாணி ஒட்டாமல், ஈரமில்லாமல் இருக்கின்றனவா என்று பார்த்துத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். டாக்டர் கையெழுத்து இல்லாமல் ஒரு ஆடும் உள்ளே போகாது. இந்த நாட்டுப் பிள்ளைகள் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு நாயும் பூனையும் பார்க்கப் போய்விடுகிறார்கள். விடியற்காலையில் ரத்த வாடைக்கு நடுவே நிற்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா? அதனால் ஆள் பற்றாக்குறை உள்ள தொழில் என்று பட்டியல் போட்டு எங்களைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். எங்களை வேலைக்கு எடுத்து வெட்டுக்கூடங்களுக்கு அனுப்பி வைப்பது கம்பெனி. நாமக்கல் கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவள் நான் என்று பட்டியில் யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 7. மேகம்.

தன்யாவுக்கு இருமல். மிளகு ரசம் வைத்தேன். குடிக்கவில்லை.

பிப்ரவரி 12. மழை.

பட்டிக்குப் பொறுப்பாள் டெரெக். அறுபது வயசு இருக்கும். நான்கு வருடமாக என்னோடு குட்மார்னிங்கைத் தாண்டாத மனிதர், இன்று டீயைக் கையில் கொடுத்து ஒரு கேள்வி கேட்டார். ஒவ்வொரு பட்டி முன்னாலும் ஏதாவது ஒரு ஆடு உடம்பைச் சிலுப்புகிற வரைக்கும் நிற்கிறீர்கள், அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போடுகிறீர்கள், அது எதற்கு டாக்டர் என்றார்.

எனக்கே அது தெரியாது. யோசித்துப் பார்த்தால் உண்மைதான்.

எங்கள் குலதெய்வக் கோயில் வழக்கத்தைச் சொன்னேன். கிடாய் வெட்டும் முன் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டமே வாயை மூடிக்கொண்டு நிற்கும். கிடாய் உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் மறுபடி தெளிப்பார்கள். மூன்று தரமும் சிலுப்பாத கிடாய்க்கு என் சித்தப்பா யாரும் பார்க்காதபோது காதில் தண்ணீர் விடுவார். காதில் தண்ணீர் போனால் எந்தக் கிடாயும் சிலுப்பும். அதையும் சொன்னேன். டெரெக் இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. இந்த ஊரில் என் கதையை ஒருவர் முழுசாகக் கேட்டது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 14. வெயில், குளிர்.

காலையில் போனால் ஆடுகள் எல்லாம் ஈரமாக நின்று சிலுப்பிக்கொண்டிருந்தன. டெரெக் கையில் தண்ணீர்க் குழாய். உங்கள் சாமி உத்தரவு கொடுத்துவிட்டார் டாக்டர் என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கையெழுத்துப் போட்டேன். வேலை இருபது நிமிடம் முன்னாலேயே முடிந்தது.

வீட்டில் சொன்னேன். மாமா, அந்த ஆள் எனக்காகச் சாமி கும்பிடறார் என்று. நவநீதன் சிரித்தார். கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு வந்து இப்போதெல்லாம் அவர் சிரிப்பதே அபூர்வம். ஊரில் பதினைந்து பேரை வைத்து வேலை வாங்கியவர்.

பிப்ரவரி 21. மழை.

கம்பெனியில் என் மேலாளர் ஹெலன். நேரில் நான்கு முறைதான் பார்த்திருக்கிறேன். அவளிடமிருந்து மெயில். என் நாட்களில் வெட்டுக்கூடம் தாமதமே இல்லாமல் ஓடுகிறதாம், அவர்கள் ரொம்பத் திருப்தியாம். நிரந்தர அனுமதிக்கு வேண்டிய கம்பெனிக் கடிதம் நல்லபடியாகத் தருவாளாம். மெயிலை நவநீதனுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

தண்ணீர் தெளிப்பது வழக்கமாகிவிட்டது. தெளிப்பது என்று எழுதுகிறேன். குழாயைத் திறந்து அடிக்கிறார்.

பிப்ரவரி 26. மேகம்.

அஜின் சாப்பிட வந்தான். மார்த்தாண்டத்துப் பையன், இருபத்தேழு வயசு. எங்கள் கல்லூரிதான், எனக்கு ஏழெட்டு வருடம் கீழே. போன செப்டம்பரில் அதே வெட்டுக்கூடத்துக்கு வந்தான். நான் இல்லாத நாட்களில் அவன் டாக்டர். இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. வரும்போதெல்லாம் தன்யாவுக்கு ஒரு பொட்டலம் ஸ்டிக்கர் வாங்கி வருவான். இப்போது அட்டவணைக்கென்று மழையும் சூரியனும்.

சாப்பிட்டு முடித்து, கை கழுவப் போகாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு சொன்னான்.

"அக்கா, அவன் உங்க சாமிக்குத் தண்ணி தெளிக்கல. வாலைக் கழுவுகான். கழிச்சல் கண்ட ஆட்டை எல்லாம் கழுவி நிறுத்தி, சுத்தம்னு காட்டுகான். சாணித் தண்ணி ரோமத்துல ஊறி, தோல் உரிக்கும்போது அப்படியே கறியில இறங்கும். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

நீ இல்லாத அன்றைக்கு அப்படி நடக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவன் நாளிலும் செய்து பார்த்தார்களாம். அவன் பட்டியை நிறுத்தி வைத்தானாம்.

மோர் கொடுத்தேன். பேச்சை மாற்றினேன். கழிச்சல் கண்ட ஆடு எனக்குத் தெரியாதா? இவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் நான் ஆட்டுக்கு ஊசி போட்டவள்.

பிப்ரவரி 28. மழை.

டெரெக்கிடம் குழாய் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அவர் பேரனின் பிறந்தநாள் கேக் கொண்டு வந்திருந்தார். இன்று சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 4. மேகம்.

சொல்லவில்லை.

மார்ச் 8. வெயில்.

மூன்று பேரும் பூங்காவுக்குப் போனோம். தன்யா வாத்துகளோடு இங்கிலீஷில் பேசுகிறாள். என்னோடும்தான். ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தால் இந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில் எந்த மொழியில் உட்காரும் என்றே யோசித்துக்கொண்டு வீடு வரை நடந்தேன்.

மார்ச் 11. வெயில். நான்கு நாளாக மழையில்லை.

நிரந்தர அனுமதிக்கு இந்த நாட்டைப் பற்றி ஒரு பரீட்சை எழுத வேண்டும். இன்று பத்து மணிக்கு எனக்கு. அதனால் காலை ஆறு முதல் எட்டு வரை நான், எட்டுக்கு மேல் அஜின் என்று மாற்றிக்கொண்டோம்.

ஆறு மணிக்கு மலைப்பக்கத்துப் பண்ணையிலிருந்து வண்டி வந்தது. இறங்கும்போது நான் நின்றேன். மூன்றாம் பட்டியில் நாற்பத்தாறு ஆடுகள். சிலவற்றுக்கு வயிறு சரியில்லை போல. பின்பக்கம் கொஞ்சம் அழுக்கு. டெரெக் நான் பார்த்துக்கொள்கிறேன் டாக்டர், நீங்கள் பரீட்சைக்குக் கிளம்புங்கள் என்றார். நான் கிளம்பும்போது சுத்தமாகத்தான் இருந்தன. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பரீட்சையில் ஒரு ராஜாவுக்கு எத்தனை மனைவி என்று கேட்டிருந்தார்கள். ஆறு. தேறிவிட்டேன். தன்யா அட்டவணையில் வெயில் ஒட்டினாள். நான்கு நாள் சேர்ந்தாற்போல் வெயில், ரெக்கார்டு அம்மா என்றாள். கேசரி செய்தேன்.

மார்ச் 12. வெயில்.

நேற்று அஜின் வெட்டும் லைனையே நிறுத்தியிருக்கிறான். இரண்டரை மணி நேரம். மூன்றாம் பட்டியை வெளியே இழுத்து, எல்லாம் கழிச்சல் கண்ட ஆடு, குழாய் அடித்து மறைத்திருக்கிறார்கள் என்று அரசாங்க அலுவலகத்துக்குப் புகார் எழுதிவிட்டான். போட்டோ எடுத்திருக்கிறான். போட்டோவில் ஈர ஆடுதான் தெரியும்.

அந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்து. அதை அவன் புகாரில் எழுதவில்லை. எழுதவில்லை அக்கா என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறான். கேட்காமலே.

மார்ச் 14. மேகம்.

ஹெலன் பேசினாள். வெட்டுக்கூடத்துக்காரர்கள் ஆடுகள் வழியில் மழையில் நனைந்து வந்தன என்கிறார்களாம். நனைந்து வந்திருந்தால் காயவிடாத சின்னத் தப்பு மட்டும்தான், புகார் நிற்காது. குழாய் அடித்தது என்றால் எப்போதிலிருந்து, யார் யார் நாளில் என்று பழைய தாளெல்லாம் வெளியே வரும். வண்டி இறங்கும்போது பக்கத்தில் நின்ற டாக்டர் நான் ஒருத்திதான். ஒரு பக்கம் எழுதிக் கொடு, உனக்கு ஞாபகம் இருப்பதை எழுது, போதும் என்றாள். குரலில் அவ்வளவு அன்பு. என் விண்ணப்பம் எப்போது என்று தானாகவே விசாரித்தாள். கம்பெனிக் கடிதம் தயாராக இருக்கிறதாம், கையெழுத்து மட்டும் பாக்கியாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 16. மழை.

நவநீதனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், முக்கால்வாசி. அவர் ரொம்ப நேரம் தன்யாவின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"கோதை, நாம எதும் பண்ணலை. அந்தாளு தண்ணி அடிச்சான், நீ பாத்தயா? பாக்கலை இல்ல. அஜின் தம்பி ஒண்டிக்கட்டை. எங்க போனாலும் பொழச்சுக்குவான். நாம மூணு பேரு."

பார்க்கவில்லை என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. அவராகச் சொன்னார். நான் மறுக்கவில்லை.

மார்ச் 17. மழை.

அஜின் மூன்று தடவை கூப்பிட்டான். குளித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18. மழை.

எழுதிக் கொடுத்தாச்சு. சோறு குழைந்துவிட்டது.

மார்ச் 19. மேகம்.

தன்யாவுக்குப் புது மழைக்கோட்டு. கை நீளம்.

மார்ச் 24. மழை.

ஒன்றுமில்லை. ஆடு, கையெழுத்து, சோறு. குழாயை இப்போது டெரெக் திறப்பதில்லை. டீயும் கொடுப்பதில்லை.

மார்ச் 27. வெயில்.

புகாரை முடித்துவிட்டார்கள். மலைப்பக்கத்தில் எங்கே எப்போது தூறியது என்று யாரும் தேடிக்கொண்டு போகவில்லை. மூத்த டாக்டரின் ஒரு பக்கம் போதுமானதாக இருந்திருக்கிறது. மழையில் நனைந்த ஆட்டைப் பார்த்து அவசரப்பட்டுவிட்டார், தகுதிகாண் காலத்தில் இருப்பவர், அனுபவம் போதாது என்று முடிவு. வெட்டுக்கூடம் இனி அவனை உள்ளே விடாதாம். கம்பெனியில் அவனுக்கு வேறு இடம் இல்லையாம். அறுபது நாள்.

நான் எழுதியது மூன்றே வரி. ஆடுகள் நனைந்த நிலையில்தான் வந்து இறங்கின. அன்று காலை தூறல் இருந்ததாக நினைவு. மூன்றாம் பட்டியில் நோய் அறிகுறி எதுவும் நான் காணவில்லை. நினைவு என்றுதான் எழுதினேன். நினைவு யாருக்கும் தவறலாம்.

மார்ச் 31. மழை.

அட்டவணை முடிந்தது. ஈஸ்டர் விடுமுறை கழிந்து பள்ளிக்கு எடுத்துப்போக வேண்டுமாம். எல்லாப் பிள்ளைகளின் அட்டவணையையும் வராந்தாச் சுவரில் மாட்டுவார்களாம். இனி நோட்டு எழுத வேண்டியதில்லை அம்மா என்றாள் தன்யா. ஆனாலும் கை இங்கேதான் வருகிறது. வேறு யாரிடம் போய்ப் பேச?

ஏப்ரல் 7.

விண்ணப்பம் போட்டாயிற்று. ஐந்து வருடம் முடிய நாலு வாரம் இருக்கும்போதே போடலாமாம். அவசர வழியில். கம்பெனிக் கடிதம் ரொம்ப நன்றாக இருந்தது. நம்பகமானவர் என்று எழுதியிருக்கிறாள் ஹெலன்.

ஏப்ரல் 15.

சித்தப்பாவின் கிடாய் கனவில் வந்தது. காதில் தண்ணீரோடு. அது சிலுப்பியதும் எல்லோரும் குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்தில் எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 22.

மத்தியானம் அஜின் வந்தான். சனிக்கிழமை கிளம்புகிறான். பதினோரு இடத்துக்கு எழுதிப் போட்டானாம். முந்தைய கம்பெனி ஏன் விட்டது என்று கேட்கிறார்களாம். வயநாட்டுப் பக்கம் ஒரு பால் பண்ணையில் ஆள் கேட்கிறார்கள், போய்ப் பார்க்க வேண்டும் என்றான். இட்லிக் கொப்பரையையும் தேங்காய் துருவியையும் கொண்டு வந்திருந்தான். எனக்கு இனி எதுக்கு அக்கா, நீங்க வச்சுக்கிடுங்க என்றான்.

நவநீதன் வேலைக்குப் போயிருந்தார். தன்யா ஓடி வந்து அவன் பையில் கைவிட்டாள். ஸ்டிக்கர் இருந்தது. இந்தத் தடவையும் மறக்கவில்லை.

சாப்பிடு என்றேன். பசியில்லை, தண்ணி மட்டும் போதும் என்று அவனே எழுந்து ஃப்ரிட்ஜ் பக்கம் போனான். போனவன் கதவைத் திறக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தான். நான் அடுப்படியிலிருந்து அவன் முதுகைத்தான் பார்த்தேன். அவன் எதைப் பார்க்கிறான் என்று தெரிந்ததும் அடுப்பை அணைத்தேன்.

மார்ச் வரிசையில் விரலை வைத்து நகர்த்தினான். பதினொன்றில் நிறுத்தினான். மஞ்சள் சூரியன். சிரித்த முகம் போட்ட சூரியன். அவனே வாங்கிக் கொடுத்தது.

"தன்யா கரெக்டா ஒட்டியிருக்கா அக்கா."

அவ்வளவுதான் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மூன்று பேர் இருக்கிறோம் என்று சொல்லியிருப்பேன். தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். தன்யாவின் தலையைத் தடவினான். வாசலில் ஷூ மாட்டும்போது, பரீட்சை பாஸ் ஆனது சந்தோஷம் அக்கா என்றான். என்னிடம் அதைச் சொல்ல அவனுக்கு இதற்கு முன் வாய்ப்பே கிடைக்கவில்லை. நான்தான் போனை எடுக்கவில்லையே.

நான் பொய் எழுதினேன். இந்த நோட்டிலாவது ஒரு தடவை எழுதிவிடுகிறேன். அன்று தூறல் இல்லை. ஆடுகள் காய்ந்த ரோமத்தோடு, வாலெல்லாம் கழிச்சலோடு இறங்கின. டெரெக் குழாயைத் திறக்கும்வரை நான் கையில் பேனாவோடு காத்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 25.

வந்துவிட்டது. காலை பத்தே காலுக்கு மெயில். மூன்று பேருக்கும். இனி என் வேலை போனாலும் யாரும் எங்களைப் போகச் சொல்ல முடியாது. நவநீதன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அம்மா கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாளாம், வரும்போது கிடாய் வெட்ட வேண்டுமாம்.

அஜினுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நாளை அவனுக்கு விமானம்.

ஏப்ரல் 27.

நாளை பள்ளி திறக்கிறது. சாப்பாட்டு மேஜையில் அட்டவணையை விரித்தேன். அஜின் கொடுத்த பொட்டலத்தில் மழை ஸ்டிக்கர் நான்கு இருந்தது. தன்யா குளியலறையில் பாடிக்கொண்டிருந்தாள். யார் பார்க்கப்போகிறார்கள் அதை? ஒரு பள்ளிக்கூடச் சுவர். எனக்குத் தெரிந்தும் என் கை கேட்கவில்லை. பதினொன்றின் மேல் மழையை ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தினேன். சூரியன் கொஞ்சம் பெரியது. ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது.

தலையில் துண்டோடு வந்தவள் உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"அம்மா, இது தப்பு. அன்னிக்கு வெயில். உன் எக்ஸாம் அன்னிக்கு. கேசரி பண்ணின."

இல்லை கண்ணு, அன்றைக்கு மழை, நீ மறந்துவிட்டாய் என்றேன்.

"நான் மறக்கல."

அம்மா சொல்கிறேன் இல்லையா, மழைதான் என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. அவள் அட்டவணையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுபடியும் அட்டவணையைப் பார்த்தாள். அவள் முடியிலிருந்து தண்ணீர் காதோரமாக வழிந்து கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் துடைத்துவிடவில்லை. ஒன்றும் பேசாமல் காத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு சரி என்று தலையை ஆட்டினாள்.